மார்சேய் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்ஸுக்குப் போகிற நம்மவர்களில் பலர் பாரிஸோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே, மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் மார்சேய்க்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் உங்கள் திட்டத்தை முடிவு செய்வது காற்று. வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் என்ற காற்று கிளம்பிவிட்டால் தீவுக்குப் படகு ஓடாது, மலைப்பாதையை மூடிவிடுவார்கள், நேற்று இதமாக இருந்த கடல் இன்று ஜில்லென்று இருக்கும். மணிக்கணக்கில் அட்டவணை போட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பாரிஸ், நீஸ் எல்லாம் இருக்க, மார்சேய்க்கு ஏன் போக வேண்டும்?

பிரான்ஸின் மிகப் பழைய நகரம் இது. கி.மு. 600 வாக்கில், இன்றைய துருக்கிக் கரையில் இருந்த ஃபோகேயா என்ற ஊரிலிருந்து வந்த கிரேக்க வணிகர்கள் இதை நிறுவினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை துறைமுகம்தான் இதன் உயிர். இத்தாலியர்கள், ஆர்மேனியர்கள், அல்ஜீரியர்கள், கொமோரோ தீவுக்காரர்கள் என்று கப்பலில் வந்து இறங்கிய எல்லோரும் இங்கேயே தங்கிக் கலந்துவிட்டார்கள். நீஸ் மாதிரி சீவிச் சிங்காரித்த ஊர் அல்ல. சுவரெல்லாம் கிறுக்கல், சில தெருக்களில் குப்பை, சத்தமான பேச்சு. ஆனால் வேலை செய்து பிழைக்கிற ஒரு துறைமுக நகரத்தை அதன் இயல்பில் பார்க்க வேண்டுமானால், இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. அத்தோடு நகர எல்லைக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா, அதுவும் கடலும் சுண்ணாம்புப் பாறையுமாக, இருக்கிறது.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

மூன்று முழு நாள் இருந்தால் நல்லது. ஒன்று ஊருக்கு, ஒன்று கடலுக்கு, மற்றொன்று காற்றுக்கு. அந்த மூன்றாவது நாளைக் காலியாகவே விட்டு வையுங்கள். படகு நின்ற நாளுக்கு மாற்றாக அது கைகொடுக்கும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம், காட்டுத்தீ பயத்தில் நடைபாதைகளையும் அடிக்கடி மூடுவார்கள். குளிர்காலத்தில் வானம் பளிச்சென்று இருக்கும், அறை வாடகையும் குறையும். ஆனால் மிஸ்த்ரால் அடிக்கும்போது வெப்பமானி காட்டுவதைவிடக் கூடுதலாகக் குளிரும். காது மூடும் தொப்பியும் காற்றுப் புகாத மேல்சட்டையும் அவசியம்.

எப்படிப் போவது? ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். டிக்கெட்டை முன்கூட்டி எடுத்தால் விலை வெகுவாகக் குறையும். வந்து இறங்குவது சேன்-ஷார்ல் நிலையம். வாசலில் 104 படிகள் கொண்ட பெரிய படிக்கட்டு இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு நிமிடம் நின்றால் எதிர்க் குன்றின் மேல் மாதா கோயில் தெரியும். பெரிய பெட்டி இருந்தால் படிகளைத் தவிர்த்து மெட்ரோவைப் பிடியுங்கள். முதல் தடத்தில் இரண்டாவது நிறுத்தமே பழைய துறைமுகம். விமானத்தில் வந்தால் மாரிஞான் விமான நிலையத்திலிருந்து சேன்-ஷார்லுக்குச் சுமார் அரை மணி நேரத்தில் பேருந்து வந்து சேரும்.

ஊருக்குள் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். நிறுத்த இடம் கிடைக்காது.

முதல் நாள் காலை எங்கே தொடங்கலாம்?

பழைய துறைமுகத்தின் மீன் சந்தையில். சந்தை என்றதும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், நீர் விளிம்பில் சில மேசைகள்தான். ஆனால் அந்த மேசைகளில் இருப்பது முந்தைய இரவில் சின்னப் படகுகளில் பிடித்த மீன். கடல்நீர் ஊற்றிய நீலத் தட்டுகளில் விலாங்கு நெளியும், பேய்க்கணவாய் தட்டின் விளிம்பில் கையை எட்டி வைக்கும், முள்ளும் முரடுமாகத் தேள்மீன் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நவரையும் மத்தியும் நமக்குப் பழகிய முகங்கள். விற்பவர்களில் பெண்கள் அதிகம். வலையிலிருந்து பிரித்தெடுத்த மீனைத் தூக்கிக் காட்டி உரத்த குரலில் கூப்பிடுவார்கள். எட்டரை, ஒன்பது மணிக்குப் போங்கள். பதினொன்றுக்கு மேல் போனால் ஈரத் தரையும் கடற்காக்கைகளும்தான் இருக்கும். காற்று பலமாக அடித்த இரவுக்கு மறுநாள் பல மேசைகள் வரவே வராது.

பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 2013இல் அமைத்த, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் எஃகுக் கூரை இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கூட்டம் முழுக்கத் தலைகீழாகத் தெரியும். குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, துறைமுகத்தின் இரு கரைகளையும் இணைக்கும் சின்னப் படகு 1880 முதல் ஓடுகிறது. ஐந்து நிமிடப் பயணம், சொற்பக் கட்டணம்.

குன்றின் மேல் தங்கமாக மின்னுகிறதே, அது என்ன?

நோத்ர-தாம் த லா கார்த் என்ற மாதா கோயில். 1864இல் அர்ச்சிக்கப்பட்டது. கோபுரத்தின் உச்சியில் தங்கத் தகடு போர்த்திய மாதா சிலை மட்டும் 11 மீட்டருக்கு மேல் உயரம். ஊர்க்காரர்கள் "நல்ல தாய்" என்றுதான் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர்களின் காவல் தெய்வம்.

உள்ளே போனதும் நம் வேளாங்கண்ணி நினைவுக்கு வரும். சுவர் முழுக்க நேர்த்திக்கடன் பலகைகள். புயலில் தப்பிய கப்பல், விபத்தில் பிழைத்த பிள்ளை, நோயிலிருந்து மீண்ட மனைவி என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கதை. மேல்விதானத்திலிருந்து மரத்தில் செய்த சின்னச் சின்னக் கப்பல் மாதிரிகள் கம்பியில் தொங்குகின்றன. மாலுமிகளின் காணிக்கை அவை. வெளியே வந்ததும் சுவரைக் கவனியுங்கள். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியரிடமிருந்து ஊரை மீட்ட சண்டையின் குண்டுத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. அந்தக் குன்றைப் பிடித்தவர்களில் அல்ஜீரியப் படைவீரர்கள் முக்கியமானவர்கள்.

நடந்து ஏறினால் மூச்சு வாங்கும். துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து வாசல் வரை போகிறது. ஏறும்போது பேருந்து, இறங்கும்போது நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள், முழங்கால் மூடிய உடை உத்தமம்.

இஃப் கோட்டைக்குப் போவது பயனுள்ளதா?

இஃப் என்பது ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு. படகுச் சவாரிக்காகவே போகலாம், இருபது நிமிடம்தான். முதலாம் ஃபிரான்சுவா மன்னன் காலத்தில், 1520களில் கட்டத் தொடங்கிய கோட்டை, பிறகு சிறைச்சாலையானது. அலெக்சாந்தர் டுமாவின் மான்டி கிறிஸ்டோ நாவலின் நாயகன் அடைபட்டுக் கிடந்ததாக வருவது இங்கேதான். கற்பனைப் பாத்திரத்துக்கும் ஓர் அறை காட்டுகிறார்கள்.

இந்தியர்களுக்கு இந்தத் தீவில் இரண்டு சுவாரசியங்கள் உண்டு. நாவலில் பக்கத்து அறைக் கைதியாக வரும் பாதிரியார் ஃபாரியாவின் பெயர் ஓர் உண்மை மனிதருடையது. 1756இல் கோவாவில் பிறந்து, ஹிப்னாடிச ஆய்வில் முன்னோடியாகப் பேர் பெற்றவர், மார்சேயில் ஆசிரியராகவும் இருந்தார். இன்னொன்று, கோட்டை எழும்புவதற்கு முன்பே 1516இல் இங்கே ஒரு காண்டாமிருகம் இறங்கியது. குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்தது அது. போர்ச்சுகல் மன்னர் அதைப் போப்பாண்டவருக்கு அனுப்பிவைத்த வழியில் இந்தத் தீவில் இறக்கினார்கள், பிரெஞ்சு மன்னன் நேரில் வந்து பார்த்தான். பாவம், அதன் பிறகு கப்பல் உடைந்து கடலில் மூழ்கிச் செத்தது. ஜெர்மன் ஓவியர் டியூரர் வரைந்த புகழ்பெற்ற காண்டாமிருகப் படம் இதே மிருகத்தைப் பற்றிய செய்தியைக் கேட்டு வரைந்ததுதான்.

காலையில் துறைமுகப் படகுக் கூண்டில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அலை அதிகமானால் இஃப்பில் நிறுத்தாமல் பக்கத்து ஃப்ரியூல் தீவுகளுக்கு மட்டும் விடுவார்கள், சில நாள் அதுவும் இல்லை. ஃப்ரியூலில் இறங்கினால் வெள்ளைப் பாறையும் தெளிந்த நீரும் காத்திருக்கின்றன. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கையோடு எடுத்துப் போங்கள், நிழல் கிடையாது.

கலாங்க் என்கிறார்களே, அதற்கு எப்படிப் போவது?

மார்சேய்க்கும் கஸ்ஸி என்ற சிற்றூருக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டருக்குக் கடலோரம் வெள்ளைச் சுண்ணாம்பு மலைகள். அவற்றைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே நுழைந்த இடுக்குகள்தான் கலாங்க். 2012 முதல் தேசியப் பூங்கா. மார்சேய்க்கு வந்து இதைப் பார்க்காமல் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

நடக்கக் கூடியவர்களுக்கு எளிய வழி: காஸ்தெலான் மெட்ரோ நிறுத்தத்திலிருந்து பேருந்தில் லுமினி கல்லூரி வளாகம் வரை போய், அங்கிருந்து சுஜித்தோன் என்ற கலாங்க் நோக்கி இறங்குவது. முக்கால் மணி நேரத்தில் பைன் மரங்களுக்கு நடுவே சட்டென்று கடல் விரியும் மேட்டுக்கு வந்துவிடலாம். அங்கேயே திரும்பினாலும் வந்த பலன் உண்டு. கீழே நீருக்கு இறங்குவதென்றால் கோடையில் முன்பதிவு கட்டாயம். கட்டணம் இல்லை, ஆனால் ஒரு நாளைக்கு 400 பேருக்குத்தான் அனுமதி. முன்பு ஒரே நாளில் 2,500 பேர் வரை இறங்கி, மண் அரித்து, மரங்களின் வேர் வெளியே வந்துவிட்டதால் 2022இல் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். சரியான முடிவு. முன்பதிவு கிடைக்காவிட்டால் தயவுசெய்து குறுக்கு வழியில் இறங்காதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு சோதனை உண்டு. காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து மறுநாள் திறப்பா, மூடலா என்று முதல் நாள் மாலையே பூங்காவின் செயலியில் அறிவிப்பார்கள். மூடிய நாளில் போனால் அபராதம். பூங்காவுக்குள் புகைபிடிக்கவும் கூடாது.

நடக்க முடியாதவர்கள் பழைய துறைமுகத்திலிருந்தோ கஸ்ஸியிலிருந்தோ படகில் பார்க்கலாம். நடக்கிறவர்களுக்கு இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது, கஸ்ஸியிலிருந்து நடப்பது: போர்-மியு, போர்-பேன், பிறகு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஆன்-வோ. கடைசி இறக்கம் கால்பட்டு வழவழவென்று தேய்ந்த பாறை. ரப்பர் செருப்போடு வந்து வழுக்கி விழுகிறவர்கள் தினமும் உண்டு. பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இவை இல்லாமல் இறங்க வேண்டாம். வழியில் குழாய் எதுவும் இல்லை.

மிஸ்த்ரால் அடித்து எல்லாம் மூடிவிட்டால்?

அருங்காட்சியக நாளாக மாற்றிவிடுங்கள். துறைமுக வாயிலில் இருக்கும் முசெம், மத்தியதரைக் கடல் நாடுகளின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகம். ரூடி ரிச்சோத்தி வடிவமைத்து 2013இல் திறந்தார்கள். கட்டடத்தைச் சுற்றிலும் கருங்கான்கிரீட்டில் சல்லடைபோல் ஒரு போர்வை. அதன் ஓட்டைகள் வழியே வெயில் தரையில் கோலம் போடும். மேல்தளத்திலிருந்து கடலின் மேலாகக் குறுகிய நடைபாலம் ஒன்று சேன்-ழான் கோட்டைக்குப் போகிறது. கண்காட்சிகளுக்குத்தான் கட்டணம். மேல்தளம், பாலம், கோட்டைத் தோட்டம் எல்லாம் இலவசம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அதன் பக்கத்தில் இருக்கும் கொஸ்கேர் குகையின் நகலுக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆன்ரி கொஸ்கேர் என்ற ஆழ்கடல் நீச்சல்காரர் 1985இல் கலாங்க் கரையில் நீருக்கு 37 மீட்டர் கீழே ஒரு சுரங்க வாயைக் கண்டார். உள்ளே ஏறிப் போனால் குதிரை, காட்டெருமை, மனிதக் கைத்தடங்கள், பெங்குவின் போன்ற கடற்பறவைகள் என்று பனியுக மனிதர்கள் தீட்டிய ஓவியங்கள். சில 27,000 ஆண்டுகள் பழையவை. அவர்கள் வரைந்த காலத்தில் கடல் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இப்போது நீர்மட்டம் உயர உயர அசல் ஓவியங்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் 2022இல் இந்த நகலைத் திறந்தார்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

பணம் செலவழிக்க மனமில்லையா? மாநகர அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் இலவசம். லோங்ஷாம் அரண்மனைக்குப் போங்கள். அது அரசன் வாழ்ந்த இடம் அல்ல, தண்ணீருக்குக் கட்டிய நினைவுச்சின்னம். வறட்சியும் 1830களில் வந்த காலராவும் வாட்டிய ஊருக்கு, துரான்ஸ் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் 1869இல் திறந்த நீரூற்று மாளிகை இது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

பனியே பகுதி பார்க்கத் தக்கதா?

துறைமுகத்தின் வடகரை மேட்டில் இருக்கும் மிகப் பழைய குடியிருப்பு. குறுகிய சந்து, படிக்கட்டு, கொடியில் காயும் துணி. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் நெருக்கும். நடுவில் வியேய் ஷாரித்தே என்ற 17ஆம் நூற்றாண்டு ஏழைகள் விடுதி, இளஞ்சிவப்புக் கல்லில் மூன்றடுக்கு வளைவுகளோடு இருக்கிறது. மேட்டுக்குக் கீழே துறைமுகத்தை ஒட்டிய கட்டடங்கள் மட்டும் ஏன் புதிதாக இருக்கின்றன என்று கேட்பீர்கள். 1943இல் நாஜிகள், பிரெஞ்சுப் போலீசின் துணையோடு, அங்கிருந்த சுமார் 20,000 பேரை வெளியேற்றிவிட்டு 1,500 கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிடிபட்ட யூதர்கள் பலர் வதைமுகாம்களிலிருந்து திரும்பவே இல்லை.

கடலில் குளிக்க எங்கே போகலாம்?

மையத்துக்குப் பக்கத்தில் கத்தலான் கடற்கரை, மணல் சிறிது, கூட்டம் பெரிது. குடும்பத்தோடு என்றால் பிராதோ கடற்கரை வசதி. கோடையில் மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள், கொடியின் நிறத்தைப் பார்த்து இறங்குங்கள். மிஸ்த்ரால் மேல்நீரைத் தள்ளிவிட்டுக் கீழே உள்ள குளிர்நீரை இழுத்துவரும். ஆகஸ்டிலேகூட ஒரே இரவில் நீர் உறையவைக்கிற மாதிரி ஆகிவிடுவது அதனால்தான்.

பூயாபேஸ் என்ற மீன்குழம்பை எங்கே சாப்பிடுவது?

விற்காத முள்மீன்களைப் போட்டு மீனவர்கள் காய்ச்சிய குழம்பு, இன்று ஆளுக்கு 60 யூரோவுக்கு மேல். முறையாகச் செய்தால் அந்த விலை நியாயமானது. 1980இல் உணவகக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஒழுங்குமுறை எழுதினார்கள்: குறிப்பிட்ட பட்டியலிலிருந்து குறைந்தது நான்கு வகை மீன் இருக்க வேண்டும், மீனை உங்கள் கண்முன்னே துண்டாக்க வேண்டும். முதலில் குங்குமப்பூவும் பெருஞ்சீரகமும் மணக்கும் சாறு வரும். காய்ந்த ரொட்டித் துண்டில் பூண்டைத் தேய்த்து, ரூயி என்ற காரக் குழைவைத் தடவி அதில் மிதக்க விட வேண்டும். பிறகு மீன். பல கடைகளில் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். துறைமுகத்தில் இருபது யூரோவுக்குப் பலகை வைத்திருந்தால் அது சாதாரண மீன் சூப்.

சைவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பட்டினி கிடக்க வேண்டாம். பனீஸ் என்பது கொண்டைக்கடலை மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரிப்பது. லெஸ்தாக் கடற்கரைக் கடைகளில் சூடாகப் பொட்டலத்தில் தருவார்கள், மிளகு தூவிச் சாப்பிட்டால் அமிர்தம். நோவாய் சந்தைப் பகுதியில் வட ஆப்பிரிக்கக் கடைகளில் காய்கறி கூஸ்கூஸ் கிடைக்கும். அங்கேயே கொத்தமல்லி, பச்சை மிளகாய், பருப்பு எல்லாம் வாங்கலாம், சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்தவர்களுக்குப் பெரிய உதவி.

கவனிக்க வேண்டியது நெத்திலி இனத்து ஆஞ்சோவி மீன். பீட்சாவிலும் இருக்கும், தபெனாத் என்ற ஆலிவ் துவையலிலும் அரைபட்டு மறைந்திருக்கும். "சான் ஆன்ஷ்வா" என்று சொல்லுங்கள், ஆஞ்சோவி வேண்டாம் என்பது அதன் அர்த்தம். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்நீரை இலவசமாக வைப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்". அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

பாதுகாப்பான ஊரா?

செய்திகளில் வரும் போதைக் கும்பல் சண்டைகள் பெரும்பாலும் வடக்குப் புறநகர்க் குடியிருப்புகளில் நடப்பவை. சுற்றுலாப் பயணிக்கு அங்கே வேலை இல்லை. உங்களுக்கு வரக்கூடிய தொல்லை திருட்டு. மெட்ரோவிலும் நோவாய் நெரிசலிலும் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், மேசைமேல் கைபேசியை வைக்காதீர்கள், கழுத்துச் சங்கிலியை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பின்னிரவில் சேன்-ஷார்ல் நிலையத்தைச் சுற்றித் தனியே நடப்பதைத் தவிருங்கள். அவசர எண் 112.

நமக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நிறைய. பிரெஞ்சிந்தியக் காலத்தில் புதுச்சேரிக்காரர்கள் கப்பலேறி வந்து பிரான்ஸில் கால் வைத்த துறை இதுதான். 1910 ஜூலை 8 அன்று, லண்டனிலிருந்து கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் கப்பலிலிருந்து குதித்து நீந்தியதும் இங்கேதான். கரையில் அவரை மீட்க வேண்டிய வ.வே.சு. ஐயரும் காமா அம்மையாரும் வந்து சேரத் தாமதமாகிவிட்டது என்று சொல்வார்கள். 1914 செப்டம்பரில் முதல் உலகப் போருக்கு வந்த இந்தியப் படைகள் இறங்கிய இடமும் இதுவே. தெற்கே மசார்க் போர்க் கல்லறையில் இந்திய வீரர்களுக்கு நினைவகம் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது அங்கே போய் வாருங்கள், அந்தப் பெயர்களைப் படிக்க நம்மைவிட்டால் யார் வருவார்கள்? 2025 பிப்ரவரியில் இந்தியத் துணைத் தூதரகமும் இங்கே திறக்கப்பட்டது.

கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்கள் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே 1952இல் முடித்த சித்தே ரதியேஸ் அடுக்ககத்தைப் பார்க்கலாம். சண்டிகரின் கேப்பிட்டல் எனப்படும் அரசு வளாகமும் இதுவும் 2016இல் ஒரே பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

என்ன வாங்கி வரலாம்?

மார்சேய் சோப்பு. 1688இலேயே ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாதென்று அரசாணை போட்ட பண்டம் அது. இன்று அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் போலி அதிகம். வண்ண வண்ணமாக லாவெண்டர் மணத்தோடு இருப்பதை விடுங்கள். நாற்புறமும் முத்திரையும் 72% என்ற எண்ணும் பதித்த, பச்சை நிறக் கனசதுரத்தை எடுங்கள், மணம் பெரிதாக இருக்காது. இன்னொன்று நவெத், படகு வடிவ பிஸ்கட், ஆரஞ்சுப்பூ வாசனை. சேன்-விக்தோர் மடாலயத்துக்கு அருகே 1781 முதல் ஒரே அடுப்பகத்தில் சுடுகிறார்கள். கடினமாக இருக்கும், காபியில் நனைத்துச் சாப்பிடலாம், வாரக்கணக்கில் கெடாது. முட்டை தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வயதான பெற்றோரோடு போகிறோம், சமாளிக்க முடியுமா?

முடியும், பனியேயின் படிகளைத் தவிர்த்தால். துறைமுகக் கரை சமதளம். அங்கிருந்து கிளம்பும் சின்னச் சுற்றுலா ரயில் மாதா கோயிலுக்கும் போகிறது. மாலையில் கடலோரச் சாலைப் பேருந்தில் வலோன் தே ஸோஃப் வரை போகலாம், பாலத்தின் அடியில் ஒளிந்திருக்கும் குட்டி மீன்பிடித் துறை. சாலை நெடுக உட்கார நீண்ட கல்பெஞ்சு இருக்கிறது.

சொகுசுக் கப்பலில் வந்து ஆறு மணி நேரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

கப்பல் நிற்பது வடக்குத் துறைமுகத்தில், ஊருக்கு நடந்து வரும் தூரம் அல்ல. வண்டி பிடித்து நேரே மாதா கோயில், அங்கிருந்து இறங்கிப் பழைய துறைமுகம், சாப்பாடு, பிறகு சேன்-ழான் கோட்டையும் நடைபாலமும். இஃப் கோட்டைப் படகை மட்டும் அன்றைக்கு நம்பாதீர்கள். திரும்பும் படகு காற்றால் தாமதமானால் உங்கள் கப்பல் காத்திருக்காது.